இடது புருவமா, வலது புருவமா? ‘நேட்டால் பிள்ளை’ கடிதங்கள் குறித்து

கல்வெட்டு:
தரங்கைவாசி தன் குடும்ப வரலாற்றைப் போட்டு இந்த இணைய மன்றத்தில் எல்லாரிடமும் வாழ்த்து வாங்கிக்கொண்டிருக்கிறார். படிக்காதவர்களுக்காகச் சுருக்கம். அவரிடம் மூன்று சரக்கு இருக்கிறது. ஒன்று, மாயவரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து, தன் தாத்தா என்று அவர் சொல்லும் ஒரு பிள்ளை, தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் ஒப்பந்தக் கூலிகளைக் கவனித்த அதிகாரியான குடியேறிகள் பாதுகாவலருக்கு 1890களில் அனுப்பிய இரண்டு கடிதங்கள். கரும்புத் தோட்டத்துக்குப் போன அண்ணனைப் பற்றித் தகவலே இல்லை, தேடித் தாருங்கள் என்று கேட்கிறார். இரண்டு, சென்னையில் கப்பலேறியவர்களின் பதிவேட்டில் ஒரு வரி. மூன்று, நேட்டாலின் துறைமுக நகரான டர்பனில் ஒரு மூதாட்டி தன் தாத்தாவைப் பற்றிப் பேசிய ஒலிப்பதிவு. அந்த அம்மாளுக்கும் குடும்பப் பெயர் பிள்ளை. இந்த மூன்றையும் ஒட்டி “காணாமல் போன எங்கள் பெரிய தாத்தாவைக் கண்டுபிடித்துவிட்டேன்” என்று அறிவித்துவிட்டார்.

என் கேள்வி ஒன்றே ஒன்று. கடிதத்தில் அண்ணனின் அடையாளம் இடது புருவத்தில் வடு. பதிவேட்டில் வலது புருவத்தில் வடு. ஒரே ஆளுக்கு வடு கப்பலில் ஏறும்போது இடம் மாறுமா? இதற்குப் பதில் சொல்லிவிட்டு வாழ்த்து வாங்குங்கள்.

தரங்கைவாசி:
வணக்கம். இதைக் கேட்டு வருவீர்கள் என்று தெரியும். பதிவேடு எப்படி எழுதப்பட்டது என்று முதலில் யோசியுங்கள். கப்பலேறும் முன் கூலிகளைத் தங்கவைத்த சென்னை டிப்போவில் வரிசையாக ஆட்களை நிறுத்தி, பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடல் அடையாளம் என்று எழுதிக்கொண்டே போகிறார் எழுத்தர். ஒரு கப்பலுக்கு முந்நூறு நானூறு பேர். 1860இல் முதன்முதலாக டர்பன் போய்ச் சேர்ந்த ட்ரூரோ கப்பலில் மட்டும் 342 பேர். எதிரே நிற்பவனின் இடது புருவம் எழுத்தருக்கு வலது பக்கம் தெரியும். அவர் தான் பார்த்த பக்கத்தை எழுதிவிட்டார். இதில் என்ன அதிசயம்?

மற்றதெல்லாம் பொருந்துகிறதே, அதைப் பற்றி ஒரு வார்த்தை உண்டா? தஞ்சாவூர் ஜில்லா பொருந்துகிறது. தகப்பன் பெயர் பொருந்துகிறது. போன வருஷம் பொருந்துகிறது. வயது ஒன்றிரண்டு முன்னே பின்னே. அப்புறம் பிள்ளை என்ற பெயர்.

கல்வெட்டு:
எழுத்தருக்குப் பக்கம் தெரியாது என்றால் அந்தப் பதிவேட்டில் இருக்கிற எல்லா வடுவும் தலைகீழாக இருக்க வேண்டும். அதே பக்கத்தில் உங்கள் ஆளுக்கு மேலும் கீழும் இருக்கிறவர்களுக்கு இடது முழங்கால், வலது தோள், இடது கன்னம் என்று தெளிவாகப் பிரித்து எழுதியிருக்கிறாரே. நீங்கள் ஏற்றிய படத்திலிருந்துதான் படித்தேன். பக்கம் பிரித்து எழுதத் தெரிந்த மனிதர் உங்கள் தாத்தாவிடம் வரும்போது மட்டும் குழம்பிவிட்டாரா?

இந்த அடையாளப் பத்தி சும்மா எழுதப்பட்டது அல்ல தம்பி. தோட்டத்தை விட்டு ஓடிப்போனவனைப் பிடிக்கவும், ஒருவன் இன்னொருவன் பெயரில் திரும்பி வருவதைத் தடுக்கவும் அது வேண்டியிருந்தது. அதில் பக்கம் மாறினால் பிரயோஜனமே இல்லை. எனவே எழுத்தர் கவனமாகத்தான் எழுதியிருப்பார்.

தஞ்சாவூர் ஜில்லா பொருந்துகிறது என்பது ஒரு சான்றா? அந்த ஜில்லா அன்றைக்கு எவ்வளவு பெரியது என்று தெரியுமா? பிள்ளை என்ற பெயர் பொருந்துகிறதாம்! அந்த ஜில்லாவில் கல்லை விட்டெறிந்தால் ஒரு பிள்ளை மேல்தான் விழும்.

நான்காம்தலைமுறை:
என் தாய்வழிக் குடும்பம் டர்பனிலிருந்து வந்தது, அதனால் சொல்கிறேன். அங்கே குடும்பப் பெயர் என்பது தமிழ்நாட்டில் இருப்பவர்கள் நினைக்கிற மாதிரி வந்ததல்ல. பதிவேட்டில் குடும்பப் பெயருக்கு என்று பத்தியே கிடையாது. பின்னால் பள்ளிக்கூடத்திலோ பிறப்புப் பதிவிலோ அதிகாரி “குடும்பப் பெயர் என்ன” என்று கேட்கும்போது சிலர் சாதிப் பட்டத்தைச் சொன்னார்கள், சிலர் அப்பா பெயரைச் சொன்னார்கள். முனுசாமி, பெருமாள், கோவிந்தசாமி எல்லாம் அங்கே இன்றைக்குக் குடும்பப் பெயர்கள். ஒரே அம்மா வயிற்றுப் பிள்ளைகள் இரண்டு குடும்பப் பெயரில் இருப்பது அங்கே சாதாரணம். என் தாத்தாவுக்கும் அவர் தம்பிக்கும் ஒரே பெயர் இல்லை.

எனவே பெயர் ஒத்துப்போவதால் உறவு என்றும் சொல்ல முடியாது, ஒத்துப்போகாததால் உறவில்லை என்றும் சொல்ல முடியாது. பெயரை விட்டுவிட்டு காலனி எண்ணைப் பிடியுங்கள். 1860 முதல் 1911 வரை போன 1,52,184 பேருக்கும் ஆளுக்கு ஓர் எண் உண்டு. கல்யாணப் பதிவு, கூலி வழக்கு, திரும்பிப் போகும் சீட்டு எல்லாவற்றிலும் அந்த எண்தான். அந்த அம்மாளின் குடும்பத்தில் பழைய காகிதம் ஏதாவது இருந்தால் எண் இருக்கும். தாத்தா சொத்து வைத்துவிட்டு இறந்திருந்தால் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் மரண அறிவிப்பும் சொத்துக் கோப்பும் கிடைக்க வாய்ப்பு உண்டு. பிள்ளைகள் பெயரெல்லாம் அதில் வரிசையாக எழுதியிருப்பார்கள்.

கல்வெட்டு:
நல்ல கருத்து. ஆனால் இவரிடம் எண் இருக்கிறது, பதிவேட்டு வரியில் இருக்கிறது. அந்த வரியில்தான் வலது புருவம் என்று எழுதியிருக்கிறது. எண்ணைப் பிடித்தாலும் புருவத்துக்குத்தான் வந்து நிற்க வேண்டும்.

தரங்கைவாசி:
நான்காம்தலைமுறைக்கு நன்றி. அந்தக் குடும்பத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். ஒரு காப்பகத்துக்கும் எழுதினேன், பதில் இல்லை. நினைவூட்டல் அனுப்பினேன், அதற்கும் பதில் இல்லை. காப்பகத்தின் பெயரைப் போட விரும்பவில்லை.

கல்வெட்டு ஐயா, அந்த வரியை உண்மையிலேயே பெரிதாக்கிப் பார்த்தீர்களா? பக்கத்தைக் குறிக்க எழுத்தர் முழுச் சொல்லையும் எழுதவில்லை. ஆங்கிலத்தில் இரண்டே எழுத்தாகச் சுருக்கியிருக்கிறார். முதல் எழுத்தின் தலைப்பகுதியில் மை பரவியிருக்கிறது. நீங்கள் ஆர் என்று படிப்பதை எல் என்றும் படிக்கலாம். அதே பக்கத்தில் கீழே ‘இடது முழங்கால்’ என்று இருக்கும் வரியில் எல் எப்படிச் சுழித்து எழுதியிருக்கிறார் என்று ஒப்பிட்டுப் பாருங்கள். அடிச்சுழி ஒரே மாதிரி இருக்கிறது.

கல்வெட்டு:
ஆக, முதலில் எழுத்தர் பக்கத்தை மாற்றி எழுதிவிட்டார் என்றீர்கள். இப்போது சரியாகத்தான் எழுதினார், நாங்கள்தான் தப்பாகப் படிக்கிறோம் என்கிறீர்கள். இரண்டில் ஒன்றை முடிவு செய்துகொண்டு வாருங்கள். இரண்டும் சேர்ந்து உண்மையாக முடியாது. எழுத்தர் பக்கத்தை மாற்றினார், அப்புறம் எழுதியதும் எல் என்றால், அந்த ஆளுக்கு வடு வலது பக்கம்தான்! உங்கள் வாதமே உங்கள் தாத்தாவைக் கைவிட்டுவிட்டது.

தீவுத்தமிழ்:
மொரீஷியஸிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊரில் இந்தச் சண்டையே வராது. மோகாவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் பழைய குடியேற்றப் பதிவேடுகள் இருக்கின்றன. 1860களுக்குப் பிறகு வந்தவர்கள் பலருக்குப் புகைப்படமே உண்டு. முகத்தைப் பார்த்தால் வடு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். நேட்டாலில் அந்த ஏற்பாட்டைச் செய்யாதது அவர்கள் குறை. எப்படிப் பார்த்தாலும் தமிழர் குடியேற்றம் என்றால் எல்லாரும் 1860, நேட்டால் என்று ஆரம்பிக்கிறீர்கள். எங்களுக்கு ஒப்பந்தக் கூலிகள் 1834லேயே வந்துவிட்டார்கள். அதற்கும் நூறு வருஷம் முன்னால் பிரெஞ்சுக்காரர் லாபூர்தொனே புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கைவினைஞர்களைக் கொண்டுவந்தார். போர்ட் லூயியைக் கட்டியதில் அவர்கள் பங்கு இருக்கிறது.

நான்காம்தலைமுறை:
தீவுத்தமிழ், யார் முதலில் போனார்கள் என்பது இங்கே கேள்வி இல்லை.

தீவுத்தமிழ்:
கேள்வி இல்லை என்று நீங்கள் சொல்கிறீர்கள். ஆனால் நேட்டால் சத்தியாக்கிரகம் என்று பெருமை பேசும்போது காந்தியோடு போராடிய தம்பி நாயுடு பெயரைச் சொல்வீர்கள். அவர் 1875இல் பிறந்தது மொரீஷியஸில். அதை மட்டும் சொல்லமாட்டீர்கள்.

நான்காம்தலைமுறை:
தம்பி நாயுடு பெரும்பாலும் போராடியது தென்னாப்பிரிக்காவின் இன்னொரு பகுதியான டிரான்ஸ்வாலில். சிறைக்குப் போனதும் அங்கே. பிறந்த ஊருக்காக அவரைப் பங்கு கேட்காதீர்கள்.

கல்வெட்டு:
தம்பி நாயுடு விஷயத்தில் உங்கள் இருவருக்கும் தெரியாமலே ஓர் உதவி செய்துவிட்டீர்கள். மொரீஷியஸிலிருந்து தாங்களாகவே போனவர்கள், சொந்தக் காசில் கப்பலேறிய வியாபாரிகள், கணக்குப்பிள்ளைகள், இவர்கள் யாரும் சென்னை டிப்போ பதிவேட்டில் வரமாட்டார்கள். அவர்களுக்குக் காலனி எண்ணே கிடையாது. டர்பன் அம்மாளின் தாத்தா பிள்ளை அப்படிப் போனவராக இருந்தால்? தரங்கைவாசி இதை யோசித்தாரா? கையில் பதிவேடு இருக்கிறது, அதில் ஒரு வரி கிடைத்துவிட்டது, அந்த அம்மாளின் தாத்தாவை அதில் உட்கார வைத்துவிட்டார்.

இப்போது ஒலிப்பதிவுக்கு வருகிறேன். அந்த அம்மாள் என்ன சொல்கிறார்? தாத்தாவுக்குப் புருவத்தில் வெட்டுக்காயத் தழும்பு இருந்தது, கரும்புக் கத்தி பட்டது என்கிறார். கரும்புக் கத்தி எங்கே படும்? நேட்டால் தோட்டத்தில் படும். பதிவேடு எங்கே எழுதப்பட்டது? சென்னையில், கப்பல் ஏறுவதற்கு முன். கரும்புத் தோட்டத்துக்குப் போகாதவன் புருவத்தில் கரும்புக் கத்தி வடு எப்படி வந்தது? இதற்கு யாராவது பதில் சொன்னால் நான் கேட்டுக்கொள்கிறேன்.

தரங்கைவாசி:
இதற்குப் பதில் என் அப்பாயியிடம் இருக்கிறது. தாத்தா கதையை அவர் எங்களுக்குச் சொன்னபோது, சின்ன வயதில் கதிர் அறுக்கும்போது அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் சண்டை வந்து, தம்பி கை அரிவாள் அண்ணன் புருவத்தில் பட்டுவிட்டது என்பார். அதனால்தான் கடிதத்தில் தம்பி அந்த அடையாளத்தை எழுதினார். தான் வெட்டிய காயம் அவருக்கு மறக்குமா? டர்பனில் பிறந்த பேத்திக்கு நெல் அரிவாளைக் கண்டால் தெரியாது. அவர் பார்த்ததெல்லாம் கரும்பும் கரும்புக் கத்தியும்தான். தாத்தா “அறுவடைக் கத்தி பட்டது” என்று சொல்லியிருப்பார், அவர் கரும்புக் கத்தி என்று எடுத்துக்கொண்டார். வாய்மொழிக் கதை இப்படித்தான் நகரும். கத்தி மாறும், காயம் மாறாது.

கடிதத்தையும் ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். உடம்பு முழுக்க மனு எழுதுகிறவரின் ஆங்கிலம். “மிகவும் பணிவுடன்” என்கிற வகை. அடியில் மட்டும் தமிழில் கையெழுத்து, புள்ளியே வைக்காத பழைய எழுத்து. பிள்ளை என்பதை எழுதியிருக்கும் விதம் எங்கள் வீட்டில் இருக்கும் ஒரு பழைய அடமானப் பத்திரத்தின் கையெழுத்தோடு அச்சாக ஒத்துப்போகிறது. இதை யாரும் பேசவில்லை. புருவம் புருவம் என்று அதிலேயே நிற்கிறீர்கள்.

கல்வெட்டு:
புள்ளி வைக்காமல் எழுதுவது அன்றைக்கு எல்லாருடைய வழக்கமும்தான். அதை வைத்துக் கையெழுத்தைப் பொருத்த முடியாது. அடமானப் பத்திரத்தின் படத்தைப் போடுங்கள், பார்ப்போம். அதைப் போடாமல் “அச்சாக ஒத்துப்போகிறது” என்று சொல்வது உங்கள் நெடுநாள் பழக்கம். கோயில் மடைக்கல் எழுத்து விஷயத்திலும் இதையே செய்தீர்கள். கல்லின் படம் கேட்டோம், இன்றுவரை வரவில்லை.

கடைசியாக ஒன்று. தம்பிதான் வெட்டினார் என்றால் அவருக்கு எந்தப் பக்கம் என்று நிச்சயமாகத் தெரியும், இல்லையா? அவர் இடது என்கிறார். பதிவேடு வலது என்கிறது. நீங்களே உங்கள் சாட்சியைப் பலப்படுத்தி, பதிவேட்டு வரியை வெளியே தள்ளிவிட்டீர்கள்.

தரங்கைவாசி:
மடைக்கல் விஷயத்தை இங்கே இழுக்கிறீர்கள். நல்லது. அன்றைக்கு நான் சொன்ன வாசிப்பைத்தான் பின்னால் மூன்று பேர் சரி என்றார்கள். அந்த எரிச்சல் உங்களுக்கு இன்னும் அடங்கவில்லை. இந்த இழையே அதனால்தான் வந்திருக்கிறது.

வண்டல்மண்:
இரண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விடுங்கள். நான் மாயவரம் பக்கத்து ஆள். பெயரை வைத்து ஊரில் போய் உறவு தேடினால் ஒன்றும் கிடைக்காது. இப்போது எங்கள் ஊரில் யாரும் பிள்ளை என்று போட்டுக்கொள்வதில்லை. 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தைத் துறக்கச் சொன்ன பிறகு, ஒரு தலைமுறை இரண்டு தலைமுறையில் எல்லாம் தலைப்பெழுத்தாகிவிட்டது. டர்பனில் பட்டம் குடும்பப் பெயராக உறைந்துவிட்டது, இங்கே காணாமலே போய்விட்டது. எனவே பெயர் அங்கேயிருந்து இங்கே வந்து சேராது.

குலதெய்வத்தைக் கேளுங்கள். டர்பன் குடும்பம் எந்தச் சாமியை வீட்டில் வைத்துக் கும்பிடுகிறது, முதல் மொட்டை யாருக்குப் போடுகிறார்கள், அதைக் கேட்டால் ஊர் தெரியும், வகையறா தெரியும்.

நேர்பேச்சு:
பட்டத்தைத் துறந்தோம் என்று பெருமையாகச் சொல்கிறீர்கள். அடுத்த வரியில் குலதெய்வம், வகையறா என்று சாதியைப் பின்வாசல் வழியாக உள்ளே கொண்டுவருகிறீர்கள். பிள்ளை என்பது யாருடைய பட்டம் என்று இங்கே ஒருவரும் கேட்கவில்லை. வேளாளர் போடுவார்கள், இசை வேளாளர் போடுவார்கள், கணக்கு எழுதுகிறவர் போடுவார், கிறித்தவர் போடுவார். புதுச்சேரியில் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை இடையர் குலம். கப்பலில் ஏறியவர்களில் ஊரில் ஒரு சாதியாகவும் தோட்டத்தில் வேறொரு சாதியாகவும் ஆனவர்கள் நிறையப் பேர். அதுதான் அவர்களுக்குக் கிடைத்த ஒரே விடுதலை. இந்தப் பதிவேட்டில் சாதிப் பத்தியில் என்ன எழுதியிருக்கிறது? தரங்கைவாசி படத்தில் அந்தப் பத்தியை மட்டும் வெட்டிவிட்டுப் போட்டிருக்கிறாரே, ஏன்?

தரங்கைவாசி:
படத்தை வெட்டவில்லை. பக்கம் அகலம், முழுதாக ஏற்ற முடியவில்லை.

நேர்பேச்சு:
அடையாளப் பத்தி வலது ஓரத்தில் இருக்கிறது, வந்துவிட்டது. பெயர்ப் பத்தி இடது ஓரத்தில் இருக்கிறது, வந்துவிட்டது. நடுவில் இருக்கிற சாதிப் பத்தி மட்டும் அகலத்தால் வரவில்லையா?

தரங்கைவாசி:
இரண்டு படமாக ஏற்றினேன். நடுவில் ஒட்டும்போது கொஞ்சம் விடுபட்டது. நீங்கள் நினைக்கிற காரணம் எதுவும் இல்லை. எங்கள் குடும்பத்தில் சாதி பார்ப்பவர்கள் இல்லை.

நேர்பேச்சு:
பார்ப்பவர்கள் இல்லை என்றால் போடுவதற்கு என்ன? எல்லாரும் பார்க்கட்டும்.

கல்வெட்டு:
சாதிப் பத்தி எனக்கு முக்கியமில்லை. அந்தப் பத்தியில் என்ன இருந்தாலும் வடு வலது புருவத்தில்தான் இருக்கிறது. நேர்பேச்சு வேறு இழை தொடங்கி இதைப் பேசலாம்.

நேர்பேச்சு:
எனக்கு இழை ஒதுக்கித் தர நீங்கள் யார்? புருவத்தை விட அந்தப் பத்திதான் இந்தக் குடும்பக் கதையை முடிவு செய்யும். அதில் வேறு சாதி எழுதியிருந்தால், கடிதம் எழுதிய பிள்ளைக்கும் இந்த ஆளுக்கும் உறவே இல்லாமல் போகலாம். இல்லையென்றால் ஊரில் ஒன்றும் கப்பலில் ஒன்றுமாக இருந்திருக்கலாம். அப்போது தரங்கைவாசி குடும்பத்தார் அதை ஏற்றுக்கொள்வார்களா என்று பார்க்கலாம்.

வண்டல்மண்:
குலதெய்வம் என்றாலே சாதி என்று பாய்கிறீர்கள். என் ஊரில் ஒரே ஐயனாருக்கு நான்கு சாதியும் பொங்கல் வைக்கிறது. ஊருக்கு வந்து பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

நேர்பேச்சு:
நான்கு சாதியும் ஒரே வரிசையில் நின்றா வைக்கிறது?

நான்காம்தலைமுறை:
எல்லாரும் அந்த அம்மாளை மறந்துவிட்டீர்கள். ஒலிப்பதிவை நான் முழுவதும் கேட்டேன். டர்பன் அருகே வெஸ்ட்வில்லில் பல்கலைக்கழக ஆவண மையம் சேர்த்துவைத்திருப்பது போன்ற பதிவுகள் பலவற்றைக் கேட்டிருக்கிறேன், இது நல்ல பதிவு. தாத்தா மாதம் பத்து ஷில்லிங் கூலிக்குக் கையெழுத்துப் போட்டது, ஐந்து வருஷம் முடிந்தபின் குத்தகை நிலத்தில் காய்கறி போட்டது, கூடையைத் தோளில் சுமந்து வெள்ளைக்காரர் வீடுகளுக்கு விற்கப் போனது, எல்லாம் சொல்கிறார். தாத்தா ராத்திரியில் ஊருக்குக் கடிதம் எழுதச் சொல்லி ஒருவரிடம் போவார், எழுதியதற்குப் பதில் வரவில்லை என்று அழுவார் என்கிறார். இங்கே தம்பி கடிதம் எழுதிப் பதில் இல்லை என்கிறார், அங்கே அண்ணன் எழுதிப் பதில் இல்லை என்கிறார். இந்தப் பொருத்தம் எனக்குப் புருவத்தை விடப் பெரிதாகப் படுகிறது.

வடு பற்றி அவர் சொல்வது ஒரு நொடிதான். “தாத்தாவுக்கு இங்கே வெட்டு, கரும்புக் கத்தி பட்டது” என்கிறார். எழுத்துப் படியில் அடைப்புக்குறிக்குள் ‘புருவத்தைத் தொட்டுக் காட்டுகிறார்’ என்று போட்டிருக்கிறார்கள். எந்தப் புருவம் என்று பேட்டி எடுத்தவர் குறிக்கவில்லை.

கல்வெட்டு:
பார்த்தீர்களா. பதிவு எடுத்தவர் ஒரே ஒரு சொல் சேர்த்திருந்தால் இந்த இழையே வேண்டியிருக்காது. வாய்மொழி வரலாறு, வாய்மொழி வரலாறு என்று கொண்டாடுகிறீர்கள். கையால் காட்டியதை ஒலிநாடாவில் பதிவது எப்படி என்றுகூடத் தெரியாதவர்கள் எடுத்ததை வைத்து வம்சாவளி எழுதுகிறார்கள். எழுத்து ஆவணம்தான் நிற்கும். அதில் வலது என்று இருக்கிறது.

பதில் வராமல் அழுத கதை மனதைத் தொடுகிறது, மறுக்கவில்லை. ஆனால் அது அந்தத் தாத்தாவுக்கு மட்டும் நடந்ததா? கடிதம் போய்ச் சேராதது, முகவரி தெரியாதது, எழுதிக் கொடுக்க ஆள் கிடைக்காதது எல்லாத் தோட்டத்திலும் இருந்தது. பாதுகாவலர் கோப்புகளில் ஊரிலிருந்து உறவினரைத் தேடி வந்த கடிதங்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. அத்தனை பேரும் இந்த அம்மாளின் உறவா?

தரங்கைவாசி:
எழுத்து ஆவணம் நிற்கும் என்கிறவர் எங்கள் தாத்தா கடிதத்தை மட்டும் எழுத்து ஆவணமாக எடுத்துக்கொள்ளவில்லை. அதிலும் எழுத்தில்தான் இடது என்று இருக்கிறது. சொந்தத் தம்பி எழுதியதை விட, அந்த ஆளை ஒரு நிமிஷம் பார்த்த எழுத்தர் எழுதியது உங்களுக்குப் பெரிது. சர்க்கார் முத்திரை இருந்தால் உங்களுக்குப் போதும்.

இரண்டாவது கடிதத்தில் தானும் நேட்டால் வந்து அண்ணனைத் தேடலாமா என்று கேட்கிறார். ஐரோப்பிய மொழி எழுதத் தெரியாதவர்கள் நுழைய முடியாது என்று 1897இல் நேட்டாலில் சட்டம் வந்துவிட்டது. தன் பெயரைத் தமிழில் மட்டுமே எழுதத் தெரிந்த மனிதர். அவர் போகவே முடியாது. அந்தக் கடிதத்தைப் படித்தபின்னும் உங்களால் புருவத்தைத்தான் பார்க்க முடிகிறது என்றால் நான் என்ன சொல்ல.

தீவுத்தமிழ்:
நேட்டாலுக்குள் நுழைய முடியாத அந்தக் காலத்தில் மொரீஷியஸுக்கு வந்திருந்தால்...

நான்காம்தலைமுறை:
வேண்டாம். தயவுசெய்து.

வண்டல்மண்:
பிள்ளை, தென்னாப்பிரிக்கா, கடிதம் என்றதும் ஞாபகம் வருகிறது. வ.உ.சிதம்பரம் பிள்ளைக்குத் தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் பணம் திரட்டிக் காந்தியிடம் கொடுத்து, அது கைக்கு வராமல் 1915, 1916இல் இருவருக்கும் நடந்த கடிதப் போக்குவரத்து இருக்கிறதே. 347 ரூபாய் சொச்சம். சிறையிலிருந்து வந்து கையில் காசில்லாமல் இருந்த மனிதர் அந்தப் பணத்துக்காகத் திரும்பத் திரும்ப எழுத வேண்டியிருந்தது. அந்தக் கடிதங்கள் பாதுகாக்கப்பட்டதால்தான் இன்றைக்கு ரூபாய்க் கணக்கு வரை பேச முடிகிறது.

கல்வெட்டு:
அருமையான உதாரணம், என் பக்கத்துக்கு. அங்கே கேள்வியும் இருக்கிறது, பதிலும் இருக்கிறது, தேதி இருக்கிறது, தொகை இருக்கிறது. எழுதியவர் யார், பெற்றவர் யார் என்பதில் சந்தேகமே இல்லை. யாரும் “பிள்ளை என்று இருக்கிறது, எனவே எங்கள் தாத்தா” என்று சொல்லவில்லை. தரங்கைவாசியிடம் இருப்பது கேள்விக் கடிதம் மட்டும். பாதுகாவலர் அலுவலகம் அதற்கு என்ன பதில் எழுதியது? அந்தக் கோப்பின் அடுத்த பக்கம் எங்கே? அதில் அவர்களே எண்ணைக் கண்டுபிடித்து எழுதியிருந்தால் விஷயம் முடிந்தது.

நான்காம்தலைமுறை:
இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

கல்வெட்டு:
முதலில் எதைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். புருவம்தான் முதலில். அடுத்த பக்கம் வந்தாலும், அதில் எந்த எண் இருந்தாலும், அந்த எண்ணுக்கு எதிரே வலது புருவம் என்று இருந்தால் என் கேள்வி அப்படியே இருக்கும்.

தரங்கைவாசி:
அடுத்த பக்கம் கேட்டுத்தான் எழுதியிருக்கிறேன் என்று மேலே சொல்லிவிட்டேன். படிப்பதில்லை போலும். வந்ததும் போடுவேன். வரவில்லையென்றாலும் அவர் எங்கள் தாத்தாதான். என் அப்பாயி சாகும்வரை தை மாதம் அவருக்கு ஓர் இலை போட்டுப் படைத்தார். அதற்கு உங்கள் அனுமதி தேவையில்லை.

கல்வெட்டு:
யாருக்கு வேண்டுமானாலும் படையுங்கள், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆராய்ச்சி என்று இங்கே எழுதும்போது மட்டும் இடதா வலதா என்று சொல்லிவிட்டு எழுதுங்கள். அடமானப் பத்திரத்தின் படமும் இன்னும் வரவில்லை.

நேர்பேச்சு:
சாதிப் பத்தியின் படமும் வரவில்லை.

தீவுத்தமிழ்:
தம்பி நாயுடு விஷயத்தில் யாரும் பதில் சொல்லவில்லை. அவர் பிறந்தது மொரீஷியஸ்தானா இல்லையா?